காற்று விழுங்கிய இருபது கிலோ

ஸம்ஹா பொய் சொல்லவில்லை. "ஓம்" என்று, அதாவது ஆமாம் என்று, மட்டும்தான் சொன்னாள்.

ஆனால் அந்த ஒரு "ஓம்" செய்த வேலையை ஒரு பெரிய பொய்கூடச் செய்திருக்காது.

கல்பிட்டிக்குப் பக்கத்தில், கந்தக்குளிக் கடற்கரையில், சனிக்கிழமை காலைகளில் பெண்பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுப்பவர் அக்கீலா ராத்தா. மூத்த சகோதரியை அங்கே ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கீலா யாருக்கும் சொந்த ராத்தா இல்லை. அதனால் எல்லோருக்கும் ராத்தா.

ராத்தாவிடம் இருந்தவை ஒரு ஹோட்டலில் கழித்துவிட்ட பலகைகள். சிலவற்றில் ஓட்டை அடைத்த தழும்பு இருக்கும். ஒன்றில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர் இருக்கும். எல்லாம் மிதக்கும். அது போதும்.

அன்று புதிதாகப் பழக வந்தவர்களை ராத்தா வரிசையில் நிற்க வைத்தார்.

"எல்லாருக்கும் ஒரே பலகை சரிவராது. பாரம் கூடின ஆளுக்கு நீளமான, தடிச்ச பலகை வேணும். பாரம் குறைஞ்ச ஆளுக்குச் சின்னது போதும். புதுசாப் பழகுற ஆள் எண்டா, அதைவிடக் கொஞ்சம் பெருசா எடுக்கணும். பெருசு ஆடாம நிக்கும். நல்லாப் பழகின பிறகு மெல்லச் சின்னதுக்குப் போகலாம். வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு!"

"அப்ப ஒவ்வொருத்தரா உங்கட பாரத்தைச் சொல்லுங்க. சத்தமா! கடல் இரைச்சல்ல ஒண்டும் கேக்குதில்ல."

ஸம்ஹா தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணினாள்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். டீச்சர் பெயரையும் பாரத்தையும் உரக்க வாசித்தார். "ஸம்ஹா, அம்பத்தொண்டு கிலோ!"

கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த அஸ்ஹான் கத்தினான்: "ஒரு மூடை சீமெந்தும் ஒரு கிலோ சீனியும்!"

வகுப்பே சிரித்தது. டீச்சரின் உதடும் கொஞ்சம் துடித்ததை ஸம்ஹா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் சீமெந்து.

வீட்டில் அவளுடைய பாரத்தை யாரும் எண்ணியதில்லை. அவள் தூக்கும் பாரத்தைத்தான் எண்ணினார்கள். ஐஸ் பெட்டியின் ஒரு பக்கத்தை உம்மா பிடித்தால் மறுபக்கத்தை ஸம்ஹா பிடிப்பாள். வாப்பாவின் வள்ளத்தைக் கரையேற்றும்போது, "ஸம்ஹாவைக் கூப்பிடுங்க" என்பார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அவள் நினைத்ததே இல்லை. பள்ளிக்கூடத் தராசில் ஏறிய நாளுக்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. வந்தது போகவும் இல்லை.

இப்போது அவள் முறை. ராத்தா முதுகைக் காட்டியபடி குனிந்து, ஆளின் காலோடு பிணைக்கும் கால்கயிற்றை ஒரு பலகையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஆள்! எத்தனை?"

"அம்பத்தொண்டு" என்றாள் ஸம்ஹா. அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. முன்பாதியைக் காற்று விழுங்கிவிட்டது.

"என்ன? முப்பத்தொண்டா?"

ஸம்ஹா வாயைத் திறந்தாள். பின்னால் றிஸ்மியா நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர்.

"ஓம்" என்றாள்.

"அப்ப அந்தப் பச்சைப் பலகை. சின்னது அது ஒண்டுதான் இரிக்கி. எடுங்க!"

ஸம்ஹா பச்சைப் பலகையை எடுத்துக்கொண்டு, ராத்தா திரும்புமுன் விறுவிறுவென்று தண்ணீரை நோக்கி நடந்தாள்.

வரிசையில் கடைசியாக நின்றவள் ஸஃப்னா. தில்லையடியிலிருந்து வீடு மாறிக் கல்பிட்டிக்கு வந்து கொஞ்ச நாள்தான். ஆள் மெல்லிசு. வீட்டில் அவளுடைய அண்ணன்மாரான நானாமார் அவளை "ஈர்க்கு" என்பார்களாம்.

"இருபத்தெட்டு!" என்று அவள் கத்தினாள். ஆள்தான் மெல்லிசு, தொண்டை மெல்லிசு இல்லை.

ராத்தா நிமிர்ந்து அவளையும், மிச்சமிருந்த ஒரே பலகையையும் பார்த்தார். அது நீலப் பலகை. ஒரு கதவைக் கழற்றி வைத்ததுபோல் இருந்தது.

"சின்னது போயிட்டே... சரி புள்ள, இண்டைக்கு இதோட சமாளிங்க. கவனம்."

தண்ணீரில் ஸம்ஹா பச்சைப் பலகைமேல் படுத்தாள். பலகை அவளுக்குக் கீழே இருந்தது. ஆனால் தண்ணீருக்கு மேலே இல்லை. கையால் துடுப்புப்போல் வலித்தால் முன்னே போகாமல் கீழே போனது. சின்ன அலை ஒன்று வந்து அவளைத் தாண்டிப் போனது, தெருவில் தெரியாத ஆளைத் தாண்டிப் போவதுபோல.

"ஸம்ஹா! பலகை எங்க? வீட்டில வெச்சிட்டு வந்தியா?" என்று கேட்டாள் றிஸ்மியா.

எல்லோரும் சிரித்தார்கள். ஸம்ஹாவும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டாள். உப்புத்தண்ணீர் உள்ளே போனது.

அப்போதுதான் ஸஃப்னாவைப் பார்த்தாள்.

நீலப் பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடிக்க ஸஃப்னாவின் கைகள் எட்டவில்லை. காற்று பலகையை ஒரு பக்கம் தள்ள, அவள் மறுபக்கம் இழுத்தாள். காற்றுதான் வென்றது. ஒரு அலை வந்து பலகையைத் தூக்கியது. கால்கயிறு ஸஃப்னாவையும் சேர்த்து இழுத்தது. பலகை திரும்பி வந்து அவள் வாயில் இடித்தது.

அக்கீலா ராத்தா ஓடிப்போய்த் தூக்கினார். உதடு கொஞ்சம் வெடித்திருந்தது. பெரிய காயம் இல்லை. ஆனால் ஸஃப்னா அழுதுகொண்டே கரையேறி, இழுத்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் போய் உட்கார்ந்தாள்.

"உம்மாவுக்குக் கோல் எடுங்க ராத்தா. நான் வீட்ட போறன்."

ராத்தா போனை எடுத்துக்கொண்டு இரைச்சல் குறைந்த பக்கமாகப் போனார்.

ஸம்ஹா மெல்ல வள்ளத்தடிக்கு வந்தாள்.

"நோகுதா?"

"நோகுதில்ல."

"அப்ப ஏன் அழுறீங்க?"

"எனக்கு எதுவும் ஏலாது. நானாமார் சொன்னது சரி. ஒரு பலகையைப் பிடிக்க ஏலாதவள் கடலுக்குப் போறாளாம் எண்டு இனிச் சிரிப்பானுகள். நான் இனி வரமாட்டன்."

ஸம்ஹா கரையில் கிடந்த இரண்டு பலகைகளையும் பார்த்தாள். பச்சை, நீலம். அவள் வள்ளங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். பாரம் கூடின வள்ளம் எப்படித் தாழும், வெறும் வள்ளம் எப்படிக் காற்றின் பேச்சை மட்டும் கேட்டுத் துள்ளும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பச்சை அவளுக்குக் கீழே தாழ்ந்தது. நீலம் ஸஃப்னாவுக்குக் கீழே துள்ளியது. ஸஃப்னாவின் கையில் ஒரு குறையும் இல்லை. பலகைகள்தான் ஆள் மாறிப் போயிருந்தன.

மாற்றியது யார்?

முகம் சுட்டது. முதலில் சுலபமான வழியைத்தான் தேடினாள்.

"ஸஃப்னா, எனக்கு நீலம்தான் விருப்பம். மாத்துவமா? நீங்க பச்சையை எடுங்க."

"நிறம் பாத்தா தந்தாங்க? பாரம் பாத்துத்தானே தந்தாங்க. உங்களுக்கு முப்பத்தொண்டு. எனக்கும் கிட்டத்தட்ட அதுதான். உங்களையே பச்சை தூக்கல்லையே. பச்சை எடுத்தாலும் எனக்கு ஏலாமத்தான் போகும்."

பேசாமல் இருந்தால் இது இதோடு முடிந்துவிடும். ஸஃப்னாவின் உம்மா வருவார். ஸஃப்னா போய்விடுவாள். அடுத்த சனிக்கிழமை வரமாட்டாள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஸஃப்னா மட்டும் வீட்டில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தூரத்தில் ராத்தா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

"ஸஃப்னா" என்றாள் ஸம்ஹா, மணலைப் பார்த்தபடி. "நான் முப்பத்தொண்டு இல்ல."

"அப்ப?"

"அம்பத்தொண்டு."

"அம்பத்தொண்டா!"

ஸஃப்னாவின் அந்தத் தொண்டையைப் பற்றி ஸம்ஹா யோசிக்காமல் விட்டுவிட்டாள். கடலில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கரையில் வலை தட்டிக்கொண்டிருந்த ஒருவரும் திரும்பிப் பார்த்தார். ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததுபோல் அவளுக்குப் பட்டது.

றிஸ்மியா வாயைத் திறந்தாள். "சீமெ..."

"ஓம், சீமெந்துதான்!" என்றாள் ஸம்ஹா. "சிரிச்சு முடிச்சிட்டு வாங்க. ராத்தாக்கிட்ட ஒண்டு சொல்லணும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கச் சொன்னால் சிரிப்பு வராது போலும்.

அக்கீலா ராத்தா வந்தார். ஸம்ஹா தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் கடல் இரைச்சலுக்கு மேலால் கேட்கும்படி சொன்னாள்:

"நான் அம்பத்தொண்டு கிலோ, ராத்தா. காத்தில சரியாக் கேக்காம நீங்க முப்பத்தொண்டா எண்டு கேட்டீங்க. நான் ஓம் எண்டிட்டன். சின்னப் பலகை ஸஃப்னாவுக்குக் கிடைச்சிருக்கணும். அவட உதடு வெடிச்சது என்னால."

காது, கழுத்து, முகம் எல்லாம் எரிந்தது. மணலுக்குள் நண்டு புகுவதுபோல் புகுந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. ஆனால் நண்டு அளவுக்கு அவள் சின்னவள் இல்லை. அதுதானே பிரச்சினையே.

ராத்தா குனிந்து ஸஃப்னாவின் உதட்டை ஒருமுறை பார்த்தார்.

"நீங்க செய்தது பிழைதான்" என்றார். "திரும்பிப் பாக்காமத் தூக்கிக் குடுத்தது என்ட பிழை. எல்லாருக்கும் முன்னால கத்தச் சொன்னதும் என்ட பிழைதான். அதைத்தான் இப்ப யோசிக்கிறன்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வேற யாருக்கும் அப்படி ஒரு காத்து அடிச்சதா?"

எல்லோரும் தங்கள் பலகைகளைப் பார்த்தார்கள். பிறகு றிஸ்மியாவின் கை பாதி உயர்ந்தது.

"எனக்கு ஒரு சின்னக் காத்து, ராத்தா. மூணு கிலோ."

இன்னொருத்தி சொன்னாள்: "நான் கூட்டிச் சொன்னன். பெரிய பலகைதான் வடிவா இருந்திச்சு."

ராத்தா நெற்றியில் கையை வைத்தார். "யா அல்லாஹ்! இதில ஒருத்தர்ட கணக்குச் சரியா?"

"ராத்தா" என்றாள் ஸம்ஹா. "வள்ளத்தை யாரும் தராசில ஏத்துறதில்லையே. தண்ணியில போட்டுத்தானே பாக்குற. தாழ்ந்தாப் பாரம் கூட. துள்ளினாப் பாரம் குறைவு. எங்களையும் அப்படிப் பாத்தா என்ன? பலகையில படுக்க வெச்சுப் பாருங்க. ஒருத்தரும் ஒண்டும் கத்தத் தேவையில்ல."

ராத்தா அவளைப் பார்த்தார். பலகைகளைப் பார்த்தார்.

"வாங்க எல்லாரும்" என்றார்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒவ்வொருத்தியாகப் பலகையில் படுத்தார்கள். நுனி தண்ணீருக்குள் போனால் அந்தப் பலகை போதாது. பலகை தக்கைபோல் நின்று ஆடினால், கை ஓரத்தை எட்டாவிட்டால், அது பெரிது. றிஸ்மியாவுக்கும் ஒன்று மாறியது. அவள் முணுமுணுத்தாள், ஆனால் மாற்றிக்கொண்டாள்.

"ஸஃப்னா, ஒருக்காப் படுத்துப் பாருங்க. அலைக்குப் போகத் தேவையில்ல" என்றாள் ஸம்ஹா.

ஸஃப்னா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து பச்சைப் பலகையில் படுத்தாள். அதன் நுனி தண்ணீருக்குச் சற்று மேலே அசையாமல் நின்றது. இரண்டு கைகளும் இரண்டு ஓரத்தையும் பிடித்தன. அவள் கைகளையே மாறிமாறிப் பார்த்தாள்.

நீலப் பலகையில் ஸம்ஹா ஏறினாள். அது அவளைத் தாங்கியது. முதல் அலையில் விழுந்தாள். அடுத்ததிலும் விழுந்தாள். அதற்கடுத்ததில் முழங்காலில் நின்றபடியே மணல்வரை வந்து, நெஞ்சடிக்கக் குப்புற விழுந்தாள். எழுந்தபோது வாய் நிறைய மணல். வெட்கம் இன்னும் இருந்தது. மணலைத் துப்பும் வேலை அதைவிட அவசரமாக இருந்தது.

அப்போது மணல் ரோட்டில் வந்து நின்ற ஓட்டோவிலிருந்து ஸுல்பிகா, ஸஃப்னாவின் உம்மா, இறங்கி ஓடிவந்தார்.

"என்ட புள்ள எங்க? ரத்தம் வந்ததாமே!"

ஸம்ஹா முன்னால் போய் நின்றாள். "என்னாலதான் மாமி. நான்தான் அவட பலகையை எடுத்திட்டன்."

ஸுல்பிகா அவளை மேலும் கீழும் பார்த்தார். ஏசப்போகிறார் என்று தெரிந்தது. ஸம்ஹா தலையைக் குனிந்து காத்திருந்தாள்.

"உம்மா! இங்க பாருங்க! உம்மாஆஆ!"

பச்சைப் பலகையில் ஸஃப்னா நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் நடுங்க, கைகள் இரண்டும் கொக்குபோல் விரிந்திருக்க, ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு தொப்பென்று விழுந்தாள். தண்ணீருக்கு மேலே வந்தபோது வெடித்த உதட்டோடு சிரித்தாள்.

ஸுல்பிகா ஏச வைத்திருந்த சொற்களை மறந்துபோனார்.

"வா மகள், வீட்ட போவம். ஓட்டோ நிக்கிது."

"இன்னும் ஒண்டே ஒண்டு, உம்மா!"

ஸுல்பிகா செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிவிட்டு, செருப்பின்மேலேயே உட்கார்ந்தார். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். பிறகும் அடித்தார். கடைசியில் இறங்கிவந்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பச்சைப் பலகைப் புள்ள திரும்பவும் எழும்பப்போகுது, பாருங்க" என்றார்.