குளத்துக்குப் பவுடர் வேண்டாம்

செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தார் மரியராஜ். பத்து நாளாக, விடிந்தால் போதும், மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. நேற்று முப்பது செத்து மிதந்தன. இப்படியே போனால் அடுத்த மாதம் வலை வீச மீனே மிஞ்சாது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் ரீனாவுக்குச் சோறே இறங்கவில்லை.

கல்லூரியில் குளத்து நீர் பற்றி ஆராய்ச்சி செய்யும் தமிழ்மதி அக்கா வந்து பார்த்தார்.

"நாளைக்குப் பத்தரை மணிக்குச் செயற்கைக்கோள் மேல போகையில குளத்தைப் படம் எடுக்கும். தண்ணி நிறத்தை வச்சு எங்க கெட்டிருக்குன்னு சொல்லிரலாம். அதே நேரம் நானும் தண்ணி எடுத்துச் சோதிக்கிறேன்" என்றார்.

மறுநாள் ஒன்பது மணி. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, பரிசலில் நின்று பாசியை அள்ளிக்கொண்டிருந்தார். பரிசலில் இரண்டு கூடை நிறைந்திருந்தது.

"என்னப்பா செய்றீக?"

"படம் எடுக்கப் போறாகள்ல. இம்புட்டு அழுக்கோடவா நிக்கிறது? மானம் போயிரும் ஆத்தா!"

ரீனாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"அப்பா, எனக்கு முகமெல்லாம் தடிப்பு வந்தப்போ, பவுடர் பூசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீகளே. டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் தெரியல, மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்கன்னாரு."

சொன்னதும் அவருக்கே விளங்கிவிட்டது. உடனே கூடைகளைத் தண்ணீரில் கவிழ்க்கப் போனார்.

"எடுத்த எடத்துலயே போடுங்கப்பா!"

படம் வந்து சேர இரண்டு வாரம் ஆனது. அதுவரை அக்கா சொன்னபடி, விடியற்காலையில் மோட்டார் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி, அதில் காற்றுக் கலக்கவிட்டு மீன்களைக் காப்பாற்றினார்கள். படத்தில் குளத்தின் தென்மூலைதான் அடர்ந்த பச்சை; அக்கா சோதித்த தண்ணீரிலும் அந்த மூலையில்தான் பாசி அதிகம்.

"அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார் அக்கா.

அப்பா தலையைச் சொறிந்தார். "புளியமரம். நிழலா இருக்குமேன்னு தவிடு, புண்ணாக்கு எல்லாத்தையும் அங்கனயே கொட்டிருவேன்."

"மீன் தின்னது போக மிச்சம் அழுகி, அதுலதான் பாசி கொழுத்திருக்கு. அந்தப் பாசி ராத்திரியில தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் இழுத்துக்கிறதாலதான் விடியிறப்போ மீனு தவிக்குது. கொஞ்சமா, குளத்தைச் சுத்தித் தூவுங்க."

சில நாளிலேயே மீன்கள் தவிப்பது நின்றது. வலை வீசும் நாளும் நெருங்கியது. ஒரு நாள் வேர்க்க விறுவிறுக்கத் தவிடு தூவி வந்த அப்பா, வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஆத்தா, அந்தப் படம் புடிக்கிறது இன்னைக்கும் மேல போகுதா?"

"இல்லப்பா, இன்னும் நாளு கெடக்கு."

"அப்ப செத்த நேரம் நிழல்ல உக்காருறேன்."

ரீனா சிரித்துக்கொண்டே தவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டாள்.