உடம்புப் பெட்டி

மற்ற எலும்புகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று, புது பிளாஸ்டிக் குடத்துக்குள் முகத்தை விட்டால் அடிக்குமே அந்த வாடையோடு கிடந்தன. இடது முன்கை எலும்பு மட்டும் மஞ்சள் பாரித்து, கொஞ்சம் கனத்து, தோண்டிய மண்ணின் வாடை அடித்தது.

“இது மட்டும் ஏம்மா இப்படி இருக்கு?” என்று மகள் முத்துத்தாய் நீட்டியபோது அன்னக்கொடி பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கம்பெனிச் சரக்கு, ஒன்றிரண்டு அப்படி இப்படித்தான் இருக்கும். பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவனும் யாரோ இல்லை, அவள் கூடப்பிறந்த தம்பி நல்லகாமன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து உடம்பைப் படிப்பதற்கென்று கப்பலூரில் பெட்டி செய்கிற பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தான். நெஞ்சைத் திறந்தால் சிவப்பாக இருதயம், அதற்குக் கீழே சுருட்டி வைத்த குடல், கழற்றிக் கழற்றி மாட்ட எலும்புகள். அந்த வருஷம் திருநகரில் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரு பிள்ளை உட்கார்ந்து எலும்பு கோத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கடையில் வாங்கினார்கள், முத்துத்தாய்க்கு மட்டும் மாமன் சீராக வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. வானம் மூட்டம் போட்டு, காற்றே இல்லாமல், வேப்பம்பூவும் சாக்கடையும் கலந்த ஒரு புழுக்கம் ஜன்னல் வழியாக வந்து வீட்டுக்குள் குந்திக்கொண்டது. உள்ளறையில் மகள் எலும்பு மாட்டுகிற சத்தம் கடக், கடக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அன்னக்கொடி தீப்பெட்டியைத் துழாவினாள்.

“அம்மா, தண்ணி” என்று பக்கத்தில் வந்து நின்றாள் முத்துத்தாய்.

உள்ளறையில் கடக், கடக் நிற்கவில்லை.

எலியாக இருக்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டு சிம்னி விளக்கோடு போனாள். யாருமில்லை. சத்தமும் இல்லை. அந்த மஞ்சள் எலும்பு பெட்டியை விட்டு வெளியே, வாசற்படியருகில் கிடந்தது. குனிந்து எடுத்தாள். அவள் கட்டைவிரல் தானாக நகர்ந்து எலும்பின் நடுவில் ஒரு முண்டில் போய் நின்றது. முண்டுக்கு அப்புறம் எலும்பு லேசாகக் கோணியிருந்தது. பெட்டியில் அதற்கென்று இருந்த குழியும் அதே கோணலாக இருந்தது.

ஆத்தாடி.

மூத்த மகன் பேயாண்டி மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியும் கோணலாகத்தான் கூடியது. தினமும் எண்ணெய் போட்டு நீவிவிட்டவள் அவள். அந்த முண்டு அவள் விரலுக்கு மறக்குமா? மறு வருஷமே காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று.

தலைச்சன் பிள்ளை செத்தால் அப்படியே புதைத்துவிட்டு வந்துவிட முடியாது. மண்டையோட்டில் மை காய்ச்ச மந்திரவாதி தோண்டிக்கொண்டு போவான் என்று, மண் இறுகுகிறவரை காவல் கிடப்பார்கள். பேரையூருக்குத் தெற்கே அவர்கள் ஊர் இடுகாட்டில் அரிவாளோடு காவல் கிடந்தவன் நல்லகாமன். “நிம்மதியாத் தூங்குக்கா. எம் மருமகனை ஒரு எறும்பு தொடாது” என்றான். போன பிள்ளை போனான், முழுசாகவாவது கிடக்கிறான் என்ற அந்த ஒரு நினைப்பில்தான் இத்தனை வருஷம் அவள் கண்ணை மூடினாள்.

“அக்கா, மழை வரும்போலருக்கு. ஒரு காப்பி போடு” என்று செருப்பைக் கழற்றியபடி வந்தான் நல்லகாமன்.

அவள் எலும்பை அவன் முன்னால் வைத்தாள். “இது யாரு கைடா?”

அவன் முகம் செத்துப்போனது. துண்டால் வாயைத் துடைத்தான், திரும்பத் திரும்பத் துடைத்தான். “போன வருஷம் மொதலாளி கேட்டாருக்கா. பிள்ளை எலும்பு எங்கயும் கெடைக்கல, வேலையை விட்டு நிறுத்திருவேன்னாரு. அச்செடுக்கத்தானன்னு… காவலுக்கு இருந்தவனே நாந்தான், யாரு பாக்கப்போறான்னு நெனச்சுட்டேன்.”

“மந்திரவாதி எடுத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்டா. நீயாடா? எங்கூடப் பொறந்த நீயாடா?”

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “மத்ததெல்லாம் எங்கடா?”

“தூக்கிப்போட மனசு வரலக்கா. பெட்டிக்கு ஒண்ணா, மத்த சரக்கோட கலந்து விட்டுட்டேன். அம்புட்டும் இந்தப் பக்கந்தான் வந்துச்சு.”

“தலை?”

“அது கப்பல் ஏறிப் போயிருச்சுக்கா. மொதலாளி வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாரு.”

வெளியே இரும்புக் கேட் கிரீச்சிட்டது.

பக்கத்து வீட்டு ராமக்காள் நின்றாள், முத்துத்தாயோடு படிக்கிற பிள்ளை. உள்ளங்கையில் மஞ்சளாக ஒரு விலா எலும்பு.

“அத்தே, இது உங்க வீட்டுதாம்.”

“யாருடி சொன்னது?”

“பெட்டிக்குள்ள இருக்க தம்பி.”

அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பையன் சோணை. அவனுக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை. தெருமுனைவரை பிள்ளைகள். கையில் விளக்கு இல்லை. பேச்சு இல்லை. ஒருவர் பின் ஒருவராக, ஏந்திய கையோடு, இருட்டுக்குள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அன்னக்கொடி பின்வாங்கினாள். ஓடிவிடத்தான் நினைத்தாள். கை கேட்கவில்லை. முந்தானையை விரித்தது. தொடை எலும்பு விழுந்தது. முதுகெலும்பு. விரல்கள். முந்தானை கனத்தது. சூடாக இருந்தது. உள்ளே என்னவோ புரண்டு படுத்தது.

கடைசியாக வந்த சின்னப் பெண் வெறுங்கையோடு நின்றாள். அவள் அன்னக்கொடியைப் பார்க்கவில்லை.

“தலை கெடைக்கலையாம். பரவால்லையாம். மாமாவோடதே போதுமாம்.”

“யக்கா” என்றான் நல்லகாமன். “யக்கா, சொல்லுக்கா இதுககிட்ட.”

பிள்ளைகள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். அன்னக்கொடி முந்தானையை இடுப்போடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

“டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றாள் அந்தச் சின்னப் பெண். “இடப்பக்கம் திருப்பிட்டு, மேல தூக்கணும்.”

சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்ட நல்லகாமனின் தாடையில், இரண்டு பக்கமும், சின்னச் சின்ன உள்ளங்கைகள் வந்து பதிந்தன.