கடல் பார்த்த வீடு

புது வீட்டில் சுவிட்சுகள் எல்லாம் தலைக்கு மேலே இருந்தன. விளக்குப் போட அவள் குதிகாலைத் தூக்கி எட்ட வேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன் வந்து பார்த்தபோது இது கண்ணில் படவேயில்லை. ஜன்னலுக்கு வெளியே கிடந்த நீலம் மற்றதையெல்லாம் மறைத்துவிட்டது. "கடல் பார்த்த வீடு கிடைக்கிறது குதிரைக்கொம்பும்மா" என்று தரகர் சொன்னதும் புருஷனும் பெண்டாட்டியும் பூம்பூம் மாடாகத் தலையாட்டிவிட்டார்கள். மூச்சிளைப்பு உள்ள மகளுக்குக் கடல்காற்று நல்லது என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கணவன் மிச்சச் சாமான்களை ஏற்றிவர வண்டியோடு போயிருந்தான். நாலு வயது மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வானம் மூட்டம் போட்ட அந்த மதியத்தில், புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியிலிருந்து நாள்பட்ட ஈரத்துணியும் துருவும் கலந்த ஒரு வீச்சம் எழுந்து, துடைக்கத் துடைக்க அடங்காமல், அவள் போகும் அறைக்கெல்லாம் கூடவே வந்தது. சுவரை அழுத்தித் துடைத்தாள். பெயின்ட் அப்பளம் போல உதிர்ந்தது. உள்ளே, அவள் கழுத்தளவுக்கு, உப்புப் பூத்திருந்தது.

கொல்லைப்புறத்துக்கு வந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சுவிட்ச ஏன் இவ்வளவு உயரத்துல வச்சிருக்காங்க?"

"தண்ணி வருமே அக்கா. சொல்லலையா?"

"கடல் பார்த்த வீடுன்னுதான் சொன்னாங்க."

"சரியாத்தானே சொல்லியிருக்காங்க." அவள் சிரிக்கவில்லை. "நாம கடலப் பாக்குற வீடு இல்லக்கா. கடல் பாத்துட்டுப் போன வீடு. உள்ள வந்து எதையாவது பாத்து வச்சிட்டுப் போகும். அப்புறம் அதுக்காகவே திரும்பி வரும். முன்ன இருந்தவங்களுக்கு ஒரு பையன் இருந்தான்."

"என் பொண்ணு உள்ள தூங்குறா..."

பக்கத்து வீட்டுக்காரியின் கையிலிருந்து துணி நழுவியது. "தூக்கிட்டு வாங்க. இப்பவே!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து ஓயாமல் கேட்ட அலைச்சத்தம் நின்றுபோயிருந்தது. காற்றில்லை. ஒரு காக்கைகூட இல்லை. ஓடினாள். கூடம். நடை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை.

கதவுக்குப் பின்னால் அலை மூச்சு விட்டது. மெதுவாக. இழுத்து. விட்டு.

தள்ளினாள்.

தரை காய்ந்திருந்தது. பாயும் காய்ந்திருந்தது. திறந்த ஜன்னலில், கம்பிகளுக்கு அப்பால், கடல் செங்குத்தாக நின்றது. ஒரு சொட்டு உள்ளே சிந்தவில்லை. மகள் ஜன்னல் திண்டில் ஏறி, வலக்கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டிருந்தாள். கலங்கிய பச்சைக்குள்ளே, உப்பில் ஊறி வெளுத்த ஒரு சின்னக் கை, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, எண்ணுதும்மா," என்றாள் மகள், கிச்சுகிச்சு மூட்டியது போலச் சிரித்து. அவள் மூச்சில் இளைப்பே இல்லை. மூச்சே இல்லை.