மரங்கொத்தியின் புகார்கள்

நனைந்த தலையோடு அவன் உள்ளே வந்தபோது அவள் முதலில் பார்த்தது அந்தக் கண்களைத்தான். அழகான கண்கள்... ஆனால் அவை சுவரில் தொங்கிய கிதார்களைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த கணினித் திரையையே பார்த்தன.

கிதார் வாங்க வந்தவன் கிதாரைப் பார்க்காமல் எதைப் பார்க்கிறான்?

"ஒரு கிதார் செய்யணும். என் கைக்கு ஏத்த மாதிரி" என்றான்.

"இடது கையை நீட்டுங்க."

பிடிக்கும் கையை அளந்துதான் கிதாரின் கழுத்தைச் செதுக்குவாள். அளவு நாடாவை அவன் விரல்மேல் வைத்தாள். கை லேசாக நடுங்கியது... அவனுடையதா, அவளுடையதா? யோசிப்பதற்குள் திக்கென்றது. விரல் நுனிகள் பஞ்சுபோல் இருந்தன. கம்பியை அழுத்திப் பழகிய விரல் என்றால் காய்த்துப்போயிருக்குமே!

"எத்தனை வருஷமா வாசிக்கிறீங்க?"

"ம்... அஞ்சு."

பொய்!

போன வருடமும் இப்படித்தான் ஒருவன் வந்தான். இனிக்க இனிக்கப் பேசினான். மூன்றே மாதத்தில், அவளும் அண்ணனும் ஆறு வருடம் வரைந்து வரைந்து கண்ட வடிவம் வேறொரு கடையின் கண்ணாடிக்குள் தொங்கியது. இன்னொரு முறை அப்படி நடந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"ஏ மரங்கொத்தி! பசை கலக்கியாச்சு, வா!" உள்ளிருந்து அண்ணன் கத்தினான்.

வந்தவன் தூக்கிவாரிப்போட்டதுபோல் நிமிர்ந்தான். "உங்களையா... மரங்கொத்தின்னு கூப்பிடறாங்க?"

"ஆமா. ஏன், வேவு பார்த்துட்டுப் போய் எழுதி வெச்சுக்கறதுக்கா?"

அண்ணன் கையில் கட்டையோடு எட்டிப் பார்த்தான். "யாரு சார் நீங்க? மரியாதையா கேக்குறேன். மரியாதையாவே சொல்லிடுங்க."

அவன் தலை குனிந்தான். "எந்தக் கிதார் எந்தக் கட்டத்துல இருக்குன்னு ஒரு சாஃப்ட்வேர்ல பதிவு பண்றீங்களே... அதை எழுதினது நான்தான்."

அவளுக்கு முகம் சூடானது. எட்டு மாதமாக வாரம் தவறாமல், மரங்கொத்தி என்ற பெயரில், அதன் கருத்துப் பெட்டியில் அவள் கொத்தித் தள்ளியிருந்தாள். 'வார்னிஷ் மூணே நாள்ல காயும்னு யார் சொன்னது?' 'இடதுகைக்காரங்களைப் பார்த்ததே இல்லையா?'

"மரங்கொத்தி இந்தப் பட்டறைலதான் இருக்காங்கன்னு மட்டும் தெரியும். நான் யாருன்னு சொல்லிட்டு வந்தா, சாஃப்ட்வேர் நல்லாருக்குன்னு மரியாதைக்குச் சொல்லிடுவாங்க. அதான்..."

"பொய் சொல்லிட்டு வந்தவரை எதுக்கு நம்பணும்? கிளம்புங்க."

வெளியே மழை கொட்டியது. சந்தேகம் இருந்தாலும் ஒருவனை மழையில் தள்ள மனம் வரவில்லை. "...மழை விட்டதும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் அண்ணன் அலறினான். பசை தடவி ஒட்டிய பக்கப் பலகையை இறுக்கியிருந்த திருகு கழன்றுவிட்டது. வளைத்த மரம் விரியத் தொடங்கியது. வந்தவன் பாய்ந்து போய் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.

"அசையாதீங்க! பசை பிடிக்க இருபது நிமிஷம் ஆகும்!" வேறு திருகு தேடி அண்ணன் பின்கொட்டகைக்கு ஓடினான்.

நல்லதாயிற்று. இப்போது இவன் எங்கேயும் ஓட முடியாது.

"நிஜமாவே நீங்கதான்னா... என் மூணாவது புகார் என்ன?"

"பொத்தான் ரொம்பச் சின்னது. எறும்புக்கா செஞ்சீங்கன்னு கேட்டீங்க. உங்க விரல்ல உளி பட்டுடுச்சுன்னு எழுதின வாரம் அது."

அவள் குரல் தணிந்தது. "காயம் ஆறிச்சான்னு ஒரு பதில் வந்துச்சே..."

"நான்தான் போட்டேன்."

அந்த ஒரு வரியை அவள் எத்தனை முறை படித்திருப்பாள்!

"மரங்கொத்தி ஒரு தாத்தாவா இருந்திருந்தா?"

"அப்பவும் வந்திருப்பேன்... அளக்கும்போது கை மட்டும் நடுங்கியிருக்காது."

"பலகை நகருது! ஒழுங்கா பிடிங்க!" என்று அதட்டினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

நிமிடங்கள் நகர்ந்தன. அவன் நெற்றி வியர்த்தது, தோள் இற்றுப்போனது, பிடி மட்டும் தளரவில்லை. திருட வந்தவன் அடுத்தவர் மரத்துக்காக இப்படி வலி தாங்குவானா? கடவுளே, ஒரு நல்ல மனதைப் போய்ச் சந்தேகப்பட்டேனே... சுத்தமான துணியால் அவன் நெற்றியை ஒற்றினாள்.

"நானும் ஒரு பொய் சொல்லியிருக்கேன்" என்றாள் மெல்ல. "கடைசி நாலு வாரமா எழுதின குறை எதுவுமே நிஜமில்ல. பதில் வருமேன்னு... சும்மா எழுதினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒவ்வொண்ணையும் மூணு தடவை தேடிப் பார்த்தேனே. அப்படி ஒரு குறையே கிடையாது."

"அப்புறம் ஏன் 'சரி பண்ணிட்டோம், நன்றி'ன்னு பதில் போட்டீங்க?"

அவன் அவளைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தபடி சொன்னான். "குறையே இல்லன்னு சொல்லிட்டா... எழுதறதை நிறுத்திடுவீங்களே."

அவள் எதிரில் வந்து நின்றாள். அவன் கைகள்மேல் தன் கைகளை வைத்துப் பலகையைச் சேர்த்து அழுத்தினாள்.

"நிறுத்த மாட்டேன்" என்றாள்.