சுதாகரின் நடை

சுதாகர் எப்போதும் இடது காலைத்தான் இழுத்து நடப்பான். சனிக்கிழமை காலை பல் தேய்த்துவிட்டுப் பின்கட்டிலிருந்து வந்தவன், வலது காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"இன்னாண்ணா, அந்தக் கால்ல இன்னா?" என்றாள் துர்கா.

"தெரிலம்மா. எழுந்ததுலேர்ந்து இப்டிதான் கீது. ஆனா பாரேன், இடது கால் நல்லாயிடுச்சி," என்று அண்ணன் சிரித்தான்.

துர்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நடையை இடம் வலமாகத் திருப்பிப் போட்டவளே அவள்தான்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆரணி வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்த்தாள். கம்பெனி தயாரித்தது ஒரு திகில் விளையாட்டு. எதிரிகள் எப்படி நடக்கும், எப்படி அடிக்கும், எப்படிச் சாகும் என்று தீர்மானிப்பது அவள் பொறுப்பு. கதை மூன்று கேம்பெயின், அதாவது தனித்தனியாக வெளிவரும் மூன்று பாகம். ஒரே பிசாசை ஒரே மாதிரி மூன்று முறை சுடச் சொன்னால் ஆடுகிறவன் கொட்டாவி விடுவான், அதனால் ஒவ்வொன்றிலும் சண்டை வேறாக இருக்க வேண்டும் என்று மேலாளர் ஹேமநாத் தினமும் பிராணனை வாங்கினார். அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்போதுதான் கூடத்தில் சுதாகர் நடந்தான். களம்பூர் அரிசி மில்லில் மூட்டை சரிந்து நசுங்கிய கால்.

"டாக்டருக்கு அனுப்பணும், நடண்ணா," என்று போனை நீட்டினாள்.

அவன் நம்பினான். வேர்க்க விறுவிறுக்கக் கூடத்தை நாற்பது முறை சுற்றினான். நடுநடுவே நின்று, "தெளிவா தெரியுதாம்மா?" என்று வேறு கேட்டான். டாக்டரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சம்மதப் படிவத்தில் அவன் கையெழுத்தையும் இவளே போட்டாள். படத்தை இடம் வலமாகத் திருப்பி, அந்த நடையை ஓர் எதிரிக்குப் பொருத்தினாள். ஆபீஸில் எல்லோரும் அந்த நடையைப் பார்த்து அசந்துபோனார்கள். அதற்கு 'நொண்டி' என்று பெயரும் வைத்தார்கள். துர்காவும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் கேம்பெயின் வெளியானது. அதில் தோட்டாவுக்குப் பஞ்சமில்லை. எதிரிகள் கும்பலாக வரும். நொண்டியை முட்டியில் சுட்டால் விழும், கழுத்தில் சுட்டால் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுதாகரின் முட்டி கறுத்து வீங்கியிருந்தது. கழுத்தில் வட்டமாக ஒரு சிவப்பு.

"கொசுவா இருக்கும்," என்றான்.

துர்கா மருந்து தடவினாள். எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்க்கலாம். அவள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டாவது வந்தது. அதில் துப்பாக்கியே கிடையாது. அக்கா தங்கை இரண்டு பேர் ஒரு வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். தேடி வரும் நொண்டிக்குக் கண் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் வரும். கண்ணைப் பிடுங்கிவிடலாம் என்பது துர்காவின் யோசனை. அதற்குப் பாராட்டு மின்னஞ்சல்கூட வந்தது.

பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டு விசைத்தறிகள் டீக்காக நின்றன. விடிந்ததிலிருந்து சுவரையும் தரையையும் அதிரவைத்த சத்தம் சட்டென்று அறுந்துபோக, பட்டுநூல் அலசிய தண்ணீரின் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்து நிற்க, கூரைக் கண்ணாடியில் இறங்கிய வெயில் சுதாகரின் முகத்தில் முழுசாக விழுந்துகொண்டிருந்தது.

"துர்கா, லைட்ட போடேன்," என்றான்.

அவள் அசையவில்லை. அவன் தலையைச் சாய்த்தான். மெல்ல அவள் நின்ற பக்கம் திரும்பினான்.

"ஏம்மா மூச்ச அடக்கிகினு நிக்கற?"

மாடிக்கு ஓடி ஹேமநாத்துக்குப் போன் போட்டாள். "சார், நொண்டிய எடுத்துடுங்க சார். அது எங்க அண்ணன்."

"அவர் கையெழுத்து போட்டிருக்காரே?"

"நான்தாங்க போட்டேன்."

ஹேமநாத் குரலைத் தாழ்த்தினார். "அத இப்ப ஏன் சொல்றீங்க? யாரும் கேக்கல. பன்னண்டு மணிக்கு மூணாவது வெளிய போகுது. வேலை வேணும்னா கம்முனு இருங்க."

பன்னிரண்டு வரை நேரம் இருந்தது. அவளே அந்த நடையை அழித்துவிடலாம். கோப்பைத் திறந்தாள். மூன்றாவது கேம்பெயின் முழுக்க ஒரே ஒரு எதிரிதான், நொண்டி. எந்த ஆயுதமும் பலிக்காது. விழும், எழும், சாகாது.

சாகாது என்ற சொல்லை இரண்டு முறை படித்தாள். எவன் எப்படி அடித்தாலும் அண்ணன் உயிர் இருக்கும் என்று நினைத்தாள். வேலையும் தப்பிக்கும் என்பதை மட்டும் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. கோப்பை மூடினாள்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கீழே ஏதோ விழுந்தது.

சுதாகர் மல்லாந்து கிடந்தான். நெஞ்சில் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. மூக்கில் விரல் வைத்தாள். ஒன்றும் இல்லை. முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, விட்டது சனியன் என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததற்காக அவளையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்போது அவன் எழுந்தான்.

நின்றான். யாரும் தொடாமலே தோள் பின்னுக்குப் போனது. எலும்பு முறிந்தது. விழுந்தான். எழுந்தான். சட்டை கருகி நாறியது. விழுந்தான். எழுந்தான். ஒரு முறைகூடக் கத்தவில்லை. கத்த அவள் எழுதவில்லை.

பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

மூன்றாவதில் எதிரிக்கு இரை ஒன்றுதான். அதைப் பிடிக்கும் வரை நிற்காது.

துர்கா சமையலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள். வேறு வாசல் இல்லை. கதவின் மேல் பாதி கம்பி வலை. இழுபடும் கால். நின்றது. இழுபட்டது. வலைக்கு அந்தப் பக்கம் முகம்.

"துர்கா, ஜல்தி ஓடிடும்மா. காலு எம்பேச்ச கேக்கல."

"அண்ணா, வராதண்ணா."

"நான் வரலம்மா. ஓடிடு."

விரல்கள் வலையைத் துளைத்தன. கம்பி சதையை அறுத்தது. கை மணிக்கட்டு வரை உள்ளே வந்து, தாழ்ப்பாளைத் தடவித் தேடியது. பார்வையில்லாத இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. ஓடிடும்மா, ஓடிடும்மா என்று அழுதுகொண்டே அவன் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினான்.