இணைந்துள்ள கருவிகள்: ஐந்து

நான்கு என்று காட்ட வேண்டிய இடத்தில் போனில் புது ரூட்டரின் ஆப் ஐந்து என்று காட்டியது.

கிருத்திகா முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். எதிலும் அவள் அப்படித்தான். கையில் இருக்கும் போன் ஒன்று, கட்டிலின் மேல் மடிக்கணினி இரண்டு, சமையலறையில் அம்மாவின் போன் மூன்று, கூடத்துச் சுவரில் டிவி நான்கு. விரல் மடக்கி மறுபடியும் எண்ணினாள். ரூட்டரைப் பொருத்திவிட்டு கம்பெனி ஆள் டிஜோ கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கம்பக்கத்தில் வீடில்லை, கொல்லங்கோட்டுச் சாலையிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர் தள்ளி, தென்னைக்கும் மாமரத்துக்கும் நடுவில் இந்த ஒரு ஓட்டு வீடுதான். ஐந்தாவது வரியில் இன்னும் பெயர் வரவில்லை, ஒரு சிறு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே மாலைக் காற்று மட்டைகளை ஒன்றோடொன்று உரசி இழுத்துக்கொண்டு போனது, ஜன்னல் கம்பியில் வெயில் மங்கி நீலமாகிக்கொண்டு வந்தது, சமையலறையில் தோசைக்கல்லில் மாவு விழும் சொய்யென்ற ஒலி கேட்டு அடங்கியது. மணி ஆறே கால். ஏழு மணிக்கு அவளுக்கு வகுப்பு.

பகலில் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை, மாலையில் ஆன்லைனில் கணினி வகுப்பு. அந்த வகுப்புக்காகத்தான் கிகாபிட் இணைப்பு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். பதினைந்து நாள் நோட்டில் கோடு போட்டு எழுதிப் பார்த்திருந்தாள். கண்ணாடி இழை வழியாக வரும் ஒளியை மாற்றிக் கொடுக்க கம்பெனிக்காரர்கள் தரும் மோடமே போதும், ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் வைஃபை ஒரு சுவரைத் தாண்டாது, ரூட்டரைத் தனியாக வாங்க வேண்டும். பெட்டியின் மேல் கிகாபிட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பின்னால் கேபிள் செருகும் துளையோ அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும். வேகமான அலைவரிசை மண்சுவரில் நின்றுவிடும், மெதுவானது தூரம் போகும். எல்லாவற்றையும் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மூன்று பெட்டிகள் கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று கூடத்துக்கு. ஒன்று சமையலறைக்கு. மூன்றாவது கிணற்றடி மோட்டார் ரூமுக்கு.

"எந்தினா சேச்சீ, மோட்டார் ரூமுக்கு நெட்டு?" என்று டிஜோ கேபிளை இழுத்துக்கொண்டே சிரித்தான். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசும் அவன் இந்தப் பக்கத்துக்குப் புதிது. "கிணத்துத் தவளைக்கு சினிமா காட்டவா?"

வாசலில் நின்ற அம்மா மருதாத்தாள் முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டிஜோவின் சிரிப்பு பாதியில் நின்றது. என்ன தப்பு என்று தெரியாமலே அவன் குனிந்து வேலையைப் பார்த்தான். கிளம்பும் முன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான்: "பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு தன்னே போடட்டா? அப்படின்னா எல்லா போனும் தானா சேர்ந்துக்கும். ஒவ்வொண்ணா அடிக்க வேண்டா."

கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று கிருத்திகாவின் நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"அது எம்பையன் வெச்ச பேரு. மாத்தீராதீங்க தம்பி."

எட்டு மாதத்தில் அம்மா எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. கிருத்திகா தலையாட்டிவிட்டாள்.

இப்போது வட்டம் நின்றது. பெயர் வந்தது.

பிரதீப்.

மோட்டார் ரூம் பெட்டியோடு இணைந்திருந்தது. சிக்னல் மைனஸ் எண்பத்தெட்டு. எண் குறையக் குறைய ஆள் பக்கத்தில் என்று அர்த்தம். எண்பத்தெட்டு என்பது ஏறக்குறைய எட்டாத தூரம். ஒரு சுவருக்குப் பின்னால் போல. ஓர் ஆழத்துக்குள் போல.

அண்ணனின் போன் கிடைக்கவே இல்லை. பயர்போர்ஸ்காரர்கள் அண்ணனைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். போன் சேற்றுக்குள் போயிருக்கும் என்றார்கள். வேறு எவனோ அதே பெயரை வைத்திருக்கிறான் என்று எண்ணிப் பார்த்தாள். பெயரைத் தொட்டால் அந்தப் போனுக்கே உரிய பன்னிரண்டு எழுத்து எண் அடையாளம் வரும். தொட்டாள். படித்துப் பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது. அது அவளுக்கு மனப்பாடம். ஒரு முறை தன் கையால் அடித்திருக்கிறாள்.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கும் அப்பா தனபாலிடம் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லவே முடியாது. பழைய மோடத்தில் இரண்டு பேர் வீடியோ பார்த்தால் படம் உறைந்துவிடும். அன்றைக்கு அவளுக்குத் தேர்வு. மோடத்தின் பக்கத்துக்குள் போய், தடுக்கப்பட்டவை என்ற கட்டத்தில் அண்ணனின் போனைச் சேர்த்தாள். இரண்டு மணி நேரத்துக்குத்தானே. பக்கத்து அறையிலிருந்து அண்ணன் கத்திக் கேட்டான், "நெட்டு போயிருச்சா அம்மிணி?" அவள் காதில் ஹெட்போன் இருந்தது, ஆனாலும் கேட்டது. "தெரியலண்ணா" என்றாள். கோயமுத்தூர் கம்பெனி ஒன்று அவனை நேர்காணலுக்குக் கூப்பிடும் நேரம் அது. மொபைல் சிக்னல் இரண்டு கோடு வரும் ஒரே இடம் கிணற்றுச் சுவரின் மேல்தான். அவன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு போனான். அவள் தேர்வில் எண்பத்தொரு மதிப்பெண் வாங்கினாள்.

மூன்றாம் நாள், வீடு நிறைய சனம் உட்கார்ந்திருக்கும்போது, நினைவு வந்து அந்தத் தடையை எடுத்தாள்.

இனி யாரும் சிக்னலுக்காகக் கிணற்றுச் சுவரின் மேல் ஏறக் கூடாது. மூன்றாவது பெட்டி அதற்குத்தான்.

மைனஸ் எண்பத்தொன்று.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். காற்று நின்றிருந்தது. எழுபத்தாறு. தென்னை மட்டைகள் அசையவில்லை, மாட்டுக்கொட்டகையில் எருமை ஒருமுறை சங்கிலியை இழுத்துவிட்டு அப்படியே உறைந்த மாதிரி அடங்கியது. அறுபது. நாற்பத்திரண்டு. பிறகு அந்த வரி ஒருகணம் மறைந்தது. அப்பாடா என்று இருந்தது. மறுபடி வந்தபோது மோட்டார் ரூம் என்ற சொல் இல்லை.

சமையலறை.

பாசி வாடை வந்தது. கோடையில் கிணறு தூர்வாரும்போது வாளி வாளியாக மேலே வரும் கருஞ்சேற்றின் வாடை. தோசை வாசனையை அது மெல்ல மூடியது.

"ஏஞ்சாமி, இத்தன நேரமா?" என்றாள் அம்மா, சமையலறையில்.

பதில் கேட்கவில்லை. ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மௌனம்.

"சரி வுடு. ரெண்டு தோசை சுடறேன், உக்காரு."

மறுபடி மௌனம். பிறகு அம்மா சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கும் சிரிப்பு. கிருத்திகாவுக்குப் பயத்தையும் மீறி அழுகை வந்தது. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"அம்மிணியா? ரூமுலதான் இருக்கறா. கூப்புடட்டுமா?"

மௌனம்.

"நீயே போறியா? போ."

சமையலறை என்ற சொல் மறைந்தது. கூடம். ஐம்பது. நாற்பத்தைந்து. கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. தாழ்ப்பாள் போடவில்லை. அவள் பின்னுக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தரையில் ஏதோ ஈரமாக ஒட்டி, ஒட்டி, விடும் ஒலி. முப்பத்தெட்டு. கதவுக்கு அடியில் இருந்த வெளிச்சக் கோடு நடுவில் அறுந்தது.

விரல் தானாகப் போனது. தடு.

ஐந்து, நான்கானது.

கதவடியில் வெளிச்சம் திரும்பி வந்தது. பாசி வாடை குறைந்தது. சமையலறையில் தட்டு ஒன்று விழுந்து சுழன்று நின்றது.

"எங்க போற? சாமி... எங்கடா போற?"

பின்கதவின் தாழ் விலகும் ஒலி கேட்டது. அவள் கண் பட்டியலிலேயே நின்றது. மூன்றாவது வரி, அம்மாவின் போன். சமையலறை. சமையலறை.

மோட்டார் ரூம்.

போனைப் பிடித்தபடியே கிருத்திகா ஓடினாள். செருப்பில்லை. வாய்க்கால் வரப்பில் ஒருமுறை விழுந்து எழுந்தாள். வானத்தில் கடைசி வெளிச்சம் மலைக்குப் பின்னால் இருந்தது. கிணற்றுச் சுவரில் அம்மா இல்லை. எட்டிப் பார்த்தாள். உள்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் இரண்டாவதில் அம்மா நின்றிருந்தாள், ஒரு கை சுவரில், ஒரு கையில் போன். கீழே, வெகு கீழே, தண்ணீருக்கு அடியில் உள்ளங்கை அளவு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"ம்மா. மேல வாம்மா."

"அவனால உள்ள வர முடியலங்கறான் அம்மிணி." அம்மாவின் குரலில் பதற்றமே இல்லை. "அன்னிக்கும் முடியலையாமா. நெட்டு போயிருச்சான்னு உன்னைக் கேட்டானாமா."

கிருத்திகா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலன்னு சொன்னியாமா."

"ம்மா... நான்..."

"நான் உன்னை ஒண்ணும் கேக்கல. கேட்டு என்ன ஆவப் போவுது." அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கிருத்திகா தாங்கியிருப்பாள். "அந்தத் தடைய எடுத்து வுடு கண்ணு. இல்லீன்னா நான் போறேன். எட்டு மாசமா அவன் ஒத்தையில கெடக்கறான்."

மூன்றாவது படி. அதில் பாசி பிடித்திருந்தது. அம்மாவின் கால் வழுக்கி நின்றது.

"போகாதம்மா. எடுத்தர்றேன். எடுத்தர்றேன்."

பட்டியலைத் திறந்தாள். தடுக்கப்பட்டவை. பிரதீப். நீக்கவா? ஆம்.

ஐந்து.

கீழே வெளிச்சம் அசைந்தது. தண்ணீரை விட்டு மேலே வந்தது. ஒரு படி. நின்றது. ஒரு படி. அம்மா அவசரமில்லாமல் ஏறி வெளியே வந்து, களைத்து வரும் ஒருவருக்கு வழி விடுவதுபோல் ஒதுங்கி நின்றாள். மேல்படிக்கு வந்ததும் வெளிச்சம் அணைந்தது.

இருட்டு. பாசி வாடை. சொட்டும் ஒலி.

"குனி சாமி," என்றாள் அம்மா.

முந்தானையை எடுத்தாள். நெஞ்சு உயரத்தில், இரண்டு கைகளுக்கு நடுவில், ஒரு தலையின் அளவுக்கு இடம் விட்டு, மெதுவாகத் துவட்டத் தொடங்கினாள். நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் முந்தானை கறுத்தது. அவள் முழங்கை வழியாகத் தண்ணீர் ஓடி மண்ணில் விழுந்தது. நிற்கவில்லை.

"தங்கச்சி வந்திருக்கறா பாரு," என்றாள் அந்த இடத்திடம்.

துவட்டிய கைகள் நின்றன. பிறகு, நடுவில் பிடித்திருப்பதை விடாமல், மெல்ல, மெல்ல, கிருத்திகாவின் பக்கம் திரும்பின.