வண்டின் மேல் விழுந்த நிழல்

சிதம்பரம் கீழவீதியில், ஓய்வுபெற்ற தடயவியல் அலுவலர் ராமாமிர்தத்தின் மாடியறைக்கு சகாயசெல்வி தன் கணவரின் கைப்பேசியோடு வந்தாள்.

கடற்கரைப் புலிவண்டுகளைக் கணக்கெடுத்துவந்தவர் அவள் கணவர் ஆண்ட்ரூ. மூன்று வாரத்துக்கு முன், படகோட்டி சேரனோடு பரங்கிப்பேட்டை முகத்துவாரத்து மணல்திட்டுக்குப் போனவர், மறுநாள் பிணமாகக் கரை ஒதுங்கினார். பகல் இரண்டு மணிக்குள் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர். ஆனால் நாலு பத்துக்கு அவளுக்குச் செய்தி வந்திருந்தது: 'நான் இங்கயே இருக்கேன். சேரனைப் போகச் சொல்லிட்டேன்.' கூடவே, மணலில் நிற்கும் ஒரு வண்டின் படம். திட்டில் ஊன்றிய வலைக்கம்பில் அவர் பை தொங்கியது. கைப்பேசி அதற்குள் நனையாமல் இருந்தது.

நாலு மணிவரை கூடவே இருந்ததாகச் சேரனும் சொன்னான். மருத்துவர் கணக்குத் தப்பு என்றது காவல்துறை. வேண்டுமென்றே சாகப் போனார் என்றது அவர்கள் குடியிருந்த கடலூர். மாதா கோவிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. அந்தக் கைப்பேசி தானாக ஒளிரும்போதெல்லாம் அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

உதவியாளர் கலைமணி, கைப்பேசியில் நேரம் தப்பாக இருந்திருக்கும் என்று ஆர்வமாகச் சொன்னாள். சகாயசெல்வியின் கைப்பேசியில் செய்தி வந்துசேர்ந்த நேரமும் அதுதான் என்று சொல்லிவிட்டு, ராமாமிர்தம் ஆண்ட்ரூவின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகம் இப்படிக் கறுத்திருக்கு. பிடரி மட்டும் வெளுப்பா இருக்கே?"

"எப்பவும் வெயிலைப் பாத்தேதான் நடப்பாரு சார். நிழல் மேல பட்டா அந்த வண்டு பறந்துடுமாம்."

அவர் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினார். கைப்பேசியின் நிழலும் இரண்டு கைகளின் நிழலும் வண்டின் மேல் அப்பியிருந்தன. வண்டு அசையாமல் நின்றது.

கலைமணியின் கை எழுதுவதை நிறுத்தியது.

மறுநாள், கூப்பிட்டனுப்பியதும் சேரன் வந்தான். சகாயசெல்வியும் அங்கே இருந்தாள். ராமாமிர்தம் குரலை உயர்த்தவில்லை.

"இது செத்த வண்டு. காலையில அவரு ஆராய்ச்சிக்குன்னு பிடிச்சு பாட்டில்ல போட்டது. எடுத்து மணல்ல நிக்க வச்சவனுக்கு நிழல் சமாச்சாரம் தெரியல. அவரா இருந்தா சூரியனுக்கு முதுகு காட்டியிருக்க மாட்டாரு. பாட்டிலும் போனும் இருந்த பை உன் படகுலதானப்பா இருந்துச்சு?"

சேரன் உட்கார்ந்துவிட்டான். அன்று புவனகிரியில் அவன் கொழுந்தியாளுக்கு வளைகாப்பு. அவரைத் திட்டில் இறக்கிவிட்டுப் போய், சாப்பிட்டுவிட்டு உடனே வந்துவிடலாம் என்று நினைத்தான். நாலு மணிக்குத் திரும்பியபோது தண்ணீர் திட்டுக்கு மேல் ஏறி வடிந்திருந்தது. திட்டில் ஆளில்லை. அவர் பூட்டைத் திறக்க எப்போதும் போடும் கோடுகளைத்தான் கைப்பேசியில் போட்டுத் திறந்தான்; செய்தியை அனுப்பிவிட்டுப் பையைக் கம்பில் மாட்டினான்.

சகாயசெல்வி ஒன்றுதான் கேட்டாள். "எத்தனை மணிக்கு வரேன்னு சொல்லிட்டுப் போன?"

"பன்னெண்டுக்குள்ளக்கா."

"அப்ப அவரு சாகப் போகல. நீ வருவேன்னு நின்னுக்கிட்டிருந்தாரு."

அவள் கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலீசுக்குச் சார் சொல்லிக்குவாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நீ கோவிலுக்கு வா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி இதச் சொல்லு."